ஆட்டுத்தோல்ல வைட்டமின் டி முன்னோடி: மூணு பீக்குக்கும் ஒரே மாஸ், எத அளக்குறது?

வைகைக்கரை:
வணக்கம்ங்க. நெல்பேட்டைல வாங்குன வெள்ளாட்டுத் தோல்ல, வெயில் பட்டா வைட்டமின் டி3க்கு மாறுற 7-டிஹைட்ரோகொலஸ்டிரால் (7-டிஎச்சி) எம்புட்டு இருக்குன்னு அளக்கணும். முடிய மழிச்சு பொடிசா நறுக்கி, ஆல்கஹாலிக் கேஓஎச்ல 70 டிகிரில சபானிஃபை பண்ணி (கொழுப்ப காரத்துல உடைச்சு), ஹெக்ஸேன்ல பிரிச்சு கலந்து கெடக்குறத தனித்தனியா பிரிக்கிற சி18 காலம்ல விட்டா முதல்ல குட்டியா ஒரு பீக், அத ஒட்டுனாப்ல இன்னொண்ணு, தள்ளி பெருசா ஒண்ணு. சரி, பிரிஞ்சு வர்றதோட மூலக்கூறு எடைய (மாஸ்) காட்டுற எல்சிஎம்எஸ்ல தெரிஞ்சிரும்னு பாத்தா மூணுமே 385 காட்டுது. கைடு யூவி ஒளில 265 நானோமீட்டர்ல அளந்துருங்கிறார், எனக்கு மனசு ஒப்பல.

கூடல்நகர்:
தம்பி, மாஸ வச்சு மட்டும் இத பிரிக்க முடியாதுப்பா. 7-டிஎச்சி, ப்ரீவைட்டமின் டி3 (ப்ரீ), டி3 எல்லாத்துக்கும் எடை 384.6 தான், அணுக்கள் கோத்திருக்க விதம்தான் வேற. எல்லா அலைநீளத்தையும் ஒண்ணா பதியுற பிடிஏ டிடெக்டர்ல ஒவ்வொரு பீக்கோட யூவி ஸ்பெக்ட்ரத்தையும் திறந்து பாரு. 7-டிஎச்சின்னா 271, 282, 294னு முண்டு முண்டா நிக்கும், டி3 265ல ஒரே மேடு, ப்ரீ 260 பக்கம். அதனால 7-டிஎச்சிய 282ல அளக்கணும். தோல்ல கொலஸ்டிரால் ஏகத்துக்கும் இருக்கும், ஆனா 282ல அது உறிஞ்சாது, அது ஒரு நிம்மதி.

ஒண்ணு மட்டும் கவனிச்சுக்க, வெயில் பட்ட தோல்ல, ப்ரீல இருந்து வர்ற டேக்கிஸ்டீராலும் இருக்கலாம், அதுக்கும் உச்சி 281 பக்கம்தான், உறிஞ்சுறது 7-டிஎச்சிய விட ரெண்டு மடங்கு, சுத்தமான 7-டிஎச்சி ஸ்டாண்டர்டு கலந்து ஓட்டி எந்த பீக் வளருதுன்னு பாக்காம நம்பிராத.

வைகைக்கரை:
பாத்தேண்ணே, தள்ளி நிக்கிற பெருசுல முண்டு இருக்கு. அப்ப அந்தக் குட்டி ப்ரீயா?

கூடல்நகர்:
அப்படித்தான் தோணுது, ஸ்பெக்ட்ரத்துல 260 வருதான்னு பாத்துரு. யூவி 7-டிஎச்சிய ப்ரீயா மாத்தும், அப்புறம் சூட்டுல அது டி3 ஆகும், அதே சூட்டுல டி3ல கொஞ்சம் திரும்பி ப்ரீயாவும் ஆகும். நீ 70ல வேகவச்சா ரெண்டும் கலந்துதான கெடக்கும்! ராத்திரி பூராம் அறைச் சூட்டுல, இருட்டுல, ஆக்சிஜன் பட்டு கெடாம இருக்க பைரோகாலால் போட்டு சபானிஃபை பண்ணு. மதுரை வெயிலுக்கு தோல கடைலயே ஐஸ்ல போட்டு மூடி எடுத்துட்டு வா.

ஆனையூர்_வெட்:
இடைல வர்றதுக்கு மன்னிக்கணும், நாய்த்தோல்ல இதே முறைல பாத்தா பீக்கே இல்லாத மாதிரி இருக்கு, முறை தப்பா?

கூடல்நகர்:
முறை மேல பழி போடாதீங்க சார். நாய், பூனைக்கு ஒரு என்சைம் 7-டிஎச்சிய உடனே கொலஸ்டிராலா மாத்திரும், அதான் டி பூராம் தீனில இருந்துதான் கெடைக்கணும். சந்தேகம்னா அதே தோல்ல ஸ்டாண்டர்ட கொஞ்சம் கலந்து மொத்த வேலையும் செஞ்சு பாருங்க, போட்டது திரும்பி வந்துச்சுன்னா முறை சரி. அப்புறம் படர்தாமரை இருக்க இடத்துல வெட்டிறாதீங்க, பூஞ்சைல எர்கோஸ்டீரால் இருக்கும், அதுவும் 282ல முண்டு முண்டாத்தான் நிக்கும்.

வைகைக்கரை:
ஐயோ, நான் எர்கோஸ்டீராலத்தான இன்டர்னல் ஸ்டாண்டர்டா (ஒப்பிட்டுப் பாக்க அளவா கலக்குற பொருளா) போடலாம்னு இருந்தேன்!

கூடல்நகர்:
போடலாம்ப்பா, சுத்தமான தோலுன்னா. ஸ்டாண்டர்டு போடாம ஒரு சாம்பிள ஓட்டி அந்த இடம் காலியா இருக்கான்னு பாத்துட்டுப் போடு.