மிளகு மிதக்கும் வெள்ளம்: கொச்சி பினாலேயில் முசிறி

நெய்தலூரான்:
2012 டிசம்பரில் தொடங்கிய முதல் கொச்சி-முசிறி பினாலே எனும் ஈராண்டுக் கலைக்கண்காட்சியில், இப்போது மறைந்துவிட்ட கலைஞர் விவான் சுந்தரம் வைத்த ‘கறுப்புத் தங்கம்’, கடற்கரையைப் பற்றிய கலைக்கு முன்மாதிரி என்று புகழப்படுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பழந்துறைமுகமான முசிறி இருந்ததாகக் கருதப்படும் பட்டணம் எனும் ஊரின் அகழ்வில் கிடைத்த பானை ஓடுகளை அடுக்கி ஒரு நகரத்தை எழுப்பி, அதற்குள் தண்ணீரைப் பாய்ச்சி, சந்துகளில் மிளகு மிதந்து வருவதைப் படமாக்கினார். பார்க்க அழகுதான், அந்த அழகுதான் உறுத்துகிறது. 1341இல் பெரியாற்றில் வந்த வெள்ளம் முசிறியைத் தூர்த்துக் கொச்சியின் முகத்துவாரத்தைத் திறந்துவிட்டதாக வழிவழியாகச் சொல்கிறார்கள். இயற்கை செய்த அழிவை இவ்வளவு நேர்த்தியாகக் காட்டிவிட்டால், அதே கரையில் மனிதர் செய்யும் அழிவும் விதியின் கணக்கில் சேர்ந்துவிடாதா? ஃபோர்ட் கொச்சிக்குத் தெற்கே செல்லானத்தில் 2021 மே மாதம், தவ்தே புயலின்போது, வீடுகளுக்குள்ளேயே கடல் புகுந்தது.

கறிக்கொடி:
2021இன் புயலை 2012இன் படைப்பின் தலையில் கட்டுவது முறையன்று, ஐயா. அது வைக்கப்பட்ட இடத்தையும் தாங்கள் கணக்கில் கொள்ளவில்லை. ஆஸ்பின்வால் மாளிகை, மிளகும் தேங்காயெண்ணெயும் கப்பலேற்றிய ஆங்கிலேய வணிக நிறுவனத்தின் கிடங்கு. யவனர் கலம் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூற்றின் 149ஆம் பாட்டு சொல்கிறது. அந்த வணிகத்தின் பிற்காலக் கிடங்கிலேயே, அதே மிளகு, ஒரு துறைமுகத்தின் சிதைவின் மேல் மிதக்கிறது. செல்வம் வந்த வழியிலேயே அழிவும் வரும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல ஓர் ஓவியனுக்கு வேறு என்ன வேண்டும்?

ஓட்டுச்சில்லு:
இடையில் ஒரு சொல். பட்டணம்தான் முசிறி என்பதை எல்லா ஆய்வாளரும் ஒப்பவில்லை. 2007இல் தொடங்கிய அகழ்வில் ஆம்போரா எனும் ரோமானியச் சாடிகளின் ஓடுகள் கிடைத்ததை மறுப்பாரில்லை என்றாலும், 1341இன் வெள்ளம் அதை அழித்தது என்பதைக் கலைஞரின் கற்பனையாகவே கொள்ள வேண்டும்.

நெய்தலூரான்:
கற்பனை என்றால் என் வாதத்துக்கு வலுவே கூடுகிறது. ஐயத்துக்குரிய வெள்ளத்துக்கு ஓர் அறை கிடைத்தது; ஐயமே இல்லாத வேலைக்கு என்ன கிடைத்தது? 1920களில் ஆங்கிலேயப் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ முகத்துவாரத்து மணல்மேட்டை வெட்டிப் பெருங்கப்பல்களுக்கு வழி திறந்தார். தோண்டிய மண்ணைக் கொட்டித்தான் வில்லிங்டன் தீவை உருவாக்கினார்கள். அந்தக் கால்வாயை இன்றும் தூர்வாரிக்கொண்டே இருக்கிறார்கள். கரையோரமாக நகரும் மணலை ஆழமான கால்வாய் விழுங்கினால், பக்கத்துக் கரை தேயத்தான் செய்யும். தவ்தேக்குப் பின் செல்லானத்தில் டெட்ராபாட் எனும் நாற்கால் கான்கிரீட் கட்டிகளை அடுக்கி ஏழு கிலோமீட்டருக்கு மேல் கடற்சுவர் எழுப்பினார்கள். சுவர் முடிந்த இடத்துக்கு வடக்கே, கண்ணமாலியில், அரிப்பு நிற்கவில்லை. புயலின் ஆண்டைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். அரிப்பு அதற்கு மிக முந்தியது.

கறிக்கொடி:
இது பினாலேயைத் தொகுப்பவர்கள் மீதான குற்றச்சாட்டு. சுந்தரத்தின் படைப்பு இதற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆஸ்பின்வாலின் முற்றத்தில் நின்றால் சரக்குக் கப்பல்கள் அதே கால்வாயில் போவது தெரியும். பார்வையாளர் தலையைத் திருப்பினால் போதும்.

நெய்தலூரான்:
தலையைத் திருப்புகிறவருக்கு அது வெட்டப்பட்ட வழி என்று யார் சொல்வது? அடுத்த பதிப்பில் செல்லானத்து மீனவர்களிடம் ஓர் அறையை ஒப்படைக்கட்டும். நுழைவுச்சீட்டுக்கு வரிசையில் முதலில் நான் நிற்கிறேன்.