உட்கார்ந்தால் 138, எழுந்தால் 112: கோளாறு மெஷினிலா, நைனாவிடமா?

குடியாத்தம் தறிவீடு:

வணக்கம். எங்கள் நைனாவுக்கு 68 வயது. நாற்பது வருடத்துக்கு மேல் குழித்தறியில் லுங்கி நெய்தவர், முழங்கால் வலி வந்த பிறகு இந்தப் பொங்கலோடு தறிக்குழியில் இறங்குவதை நிறுத்திவிட்டார், இப்போது நாற்காலியில் உட்கார்ந்து தார் சுற்றிக் கொடுப்பதோடு சரி. பிபி பத்து வருடமாக உண்டு, மாத்திரை தவறுவதே இல்லை. கத்திரி ஆரம்பித்த நாளிலிருந்து எழுந்து நின்றால் கண் இருட்டிக்கொண்டு வருகிறது என்கிறார், நேற்று சாப்பிட்டு எழுந்தவர் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். வீட்டு மெஷினில் பார்த்தால் உட்கார்ந்து 138/82, நிற்க வைத்தால் 112/70, மறுபடி உட்கார்ந்தால் 136. ஐந்து நிமிடத்தில் இப்படி மாறுமா? மெஷின் பழசு. மாத்திரையே வேண்டாம், அதுதான் தள்ளுகிறது என்று அவர் பிடிவாதம் பிடிக்கிறார். எது உண்மையான பிபி என்று யாராவது சொல்லுங்கள், பயமாக இருக்கிறது.

ஆரணிக்காரர்:

எங்கள் அம்மாவுக்கும் வெயில் காலத்தில் இப்படித்தான். எலுமிச்சை ஜூஸில் உப்பைக் கொஞ்சம் தூக்கலாகப் போட்டுக் கொடுங்கள், உடனே தெளிந்துவிடும்.

வேலூர் பழைய நர்ஸ்:

தம்பி, முதலில் ஒன்று: மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆரணிக்காரர் அக்கறையில் சொல்கிறார், ஆனால் பத்து வருடம் பிபி உள்ளவருக்கு டாக்டரைக் கேட்காமல் உப்பை ஏற்றக் கூடாது. தண்ணீர் கொடுங்கள், இதய வீக்கம், சிறுநீரகக் கோளாறு என்று யாரும் தண்ணீரை அளவாகக் குடிக்கச் சொல்லியிருக்கவில்லை என்றால்.

மெஷின் பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் நாளைக் காலை சரியாக அளந்து பாருங்கள். கட்டிலில் ஐந்து நிமிடம் பேசாமல் படுக்க வைத்து ஒருமுறை, நின்ற ஒரு நிமிடத்தில் ஒருமுறை, மூன்றாவது நிமிடத்தில் ஒருமுறை. கூடவே ஒருவர் நிற்க வேண்டும், கிறுகிறுப்பு வந்தால் உடனே உட்கார வைத்துவிடுங்கள். நிற்கும்போது கையைத் தொங்கவிடக் கூடாது, பட்டை கட்டிய இடம் நெஞ்சு உயரத்தில் இருக்கும்படி யாராவது தாங்கிப் பிடியுங்கள். கை தாழ்ந்தால் அளவு பொய்யாக ஏறும், பத்து சென்டிமீட்டருக்கு ஏழெட்டு புள்ளி. நாடித் துடிப்பையும் எழுதுங்கள், அதுதான் முக்கியமான சாட்சி. அப்புறம், சர்க்கரை உண்டா, என்னென்ன மாத்திரை, சமீபத்தில் புதிதாக எதாவது சேர்த்தார்களா?

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், நினைவு தப்புவது, வாய் கோணுவது, பேச்சு குழறுவது, இதில் ஒன்று இருந்தாலும் இங்கே எழுதிக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

குடியாத்தம் தறிவீடு:

அக்கா, நீங்கள் சொன்னபடியே பார்த்தோம். படுத்து 142/84, நாடி 70. நின்று ஒரு நிமிடம் 114/72, நாடி 84. மூன்று நிமிடம் 118/74, நாடி 82. சர்க்கரை இல்லை. மாத்திரை: அம்லோடிபின் ஒன்று, டெல்மிசார்டனோடு நீர் மாத்திரை சேர்ந்தது ஒன்று. புதிது என்றால், ராத்திரி நாலைந்து முறை ஒன்றுக்குப் போகிறார் என்று ஏப்ரலில் வேறொரு டாக்டரிடம் காட்டினோம், ப்ராஸ்டேட் வீக்கம் என்று டாம்சுலோசின் கொடுத்தார். இது பிபிக்கான மாத்திரை இல்லையே என்று முதலில் எழுதவில்லை.

ராணிப்பேட்டை உடலியல் ஆசிரியர்:

நர்ஸ் அம்மா மருந்தைப் பற்றிச் சொல்வார்கள், நான் நடப்பதை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் 'எது உண்மையான பிபி' என்ற கேள்வியை என் மாணவர்களும் ஒவ்வொரு வருடமும் கேட்கிறார்கள். இரண்டும் உண்மைதான். பிபி என்பது ரேஷன் கார்டு எண் மாதிரி ஒருவருக்கு ஒன்று என்று எழுதி வைத்தது இல்லை. இதயம் நிமிடத்துக்குத் தள்ளும் ரத்தம், சுமார் 5 லிட்டர், அது போகும் சிறு தமனிகள் எவ்வளவு இறுகியிருக்கின்றன என்பது, இந்த இரண்டும் சேர்ந்து அந்தந்த நொடியில் உண்டாக்குவது.

நாம் எழுந்து நின்றவுடன் அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் ரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கிவிடுகிறது. இதயத்துக்குத் திரும்பி வருவது குறைந்தால் அது தள்ளுவதும் குறையும், வராததை அது எங்கிருந்து தள்ளும்? கழுத்தில் இரண்டு பக்கமும் தாடைக்குக் கீழே பெரிய தமனி இரண்டாகப் பிரியும் இடத்திலும், இதயத்துக்கு மேலே மகாதமனியின் வளைவிலும், குழாய்ச் சுவர் எவ்வளவு விரிகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும் நரம்பு நுனிகள் உண்டு. அழுத்தம் குறைந்தால் அவை அனுப்பும் துடிப்புகளும் குறையும், மூளையின் அடிப்பகுதியான முகுளத்துக்கு அந்தக் குறைவே செய்தி. உடனே இதயத்தைப் பிடித்து வைத்திருக்கும் வேகஸ் நரம்பு தளர்கிறது, ஓரிரு துடிப்பிலேயே நாடி ஏறுகிறது. ரத்தக் குழாய்களை இறுக்கும் பரிவு நரம்புகள் சில நொடி தாமதமாக வரும், ஆனால் பெரிய வேலை அவற்றுடையதுதான். நல்ல உடம்பில் அரை நிமிடத்துக்குள் எல்லாம் பழையபடி நின்றுவிடும்.

இதில் சிரைகளை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திரும்பக் கொண்டுவரும் குழாய்களை, யாரும் நினைப்பதில்லை. நம் பாலாறு மேலே காய்ந்து கிடந்தாலும் மணலுக்கு அடியில் தண்ணீர் வைத்திருக்கிறதே, அந்த மாதிரி உடம்பு ரத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சிரைகளில்தான் இருக்கிறது. அவை இறுகினால் அந்தச் சேமிப்பு இதயத்துக்கு வரும். கெண்டைக்கால் தசை இறுகும் ஒவ்வொரு முறையும் சிரையைப் பிழிந்து ரத்தத்தை மேலே ஏற்றுகிறது, சிரைக்குள் இருக்கும் வால்வு திரும்ப இறங்க விடாது. இந்த வால்வுகள் ஒரு பக்கமாகத்தான் விடுகின்றன என்பதை 1628-இல் ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி கையில் கயிறு கட்டி, புடைத்த சிரையை விரலால் அழுத்திக் காட்டினார், நீங்களும் செய்து பார்க்கலாம்.

உங்கள் நைனாவின் நாடி 70-இலிருந்து 84 ஆகியிருக்கிறது. அதாவது செய்தி போயிருக்கிறது, இதயமும் முயன்றிருக்கிறது. அழுத்தம் மட்டும் 28 புள்ளி இறங்கி, மூன்று நிமிடமாகியும் பழையபடி ஏறவில்லை. நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அதை நிற்கும்போது வரும் தாழ்வழுத்தம் என்றே சொல்கிறார்கள். நாடி அசையாமலே அழுத்தம் விழுந்திருந்தால் நரம்பையோ, நாடியைக் கட்டி வைக்கும் மாத்திரையையோ சந்தேகப்பட்டிருப்பேன்.

வேலூர் பழைய நர்ஸ்:

சார் சொன்னது எனக்கே ஒரு பாடம். தம்பி, நான் நினைத்தது அந்த டாம்சுலோசினைத்தான். அது சிறுநீர்ப்பை வாயின் தசையில், நரம்பின் செய்தியை வாங்கும் ஏற்பிகளை அடைத்து அந்தத் தசையைத் தளர்த்துகிறது. அதே வகை ஏற்பிகள் ரத்தக் குழாயிலும் உண்டு, குழாயை இறுக்கு என்று நரம்பு சொல்வது அங்கேதான் போய்ச் சேர வேண்டும். எல்லோருக்கும் இப்படி ஆகாது. ஆனால் இவருக்கு அம்லோடிபின் ஏற்கெனவே குழாயைத் தளர்த்துகிறது, நீர் மாத்திரை தண்ணீரை இறக்குகிறது, கத்திரி வெயிலில் வியர்வை வேறு, தோலுக்கு ரத்தம் வேறு ஓடுகிறது, சாப்பிட்டவுடன் குடலுக்கும் ஓடுகிறது. ஒவ்வொன்றும் தனியாக வந்திருந்தால் உடம்பு சமாளித்திருக்கும்.

ஒரு டாக்டர் எழுதியதை இன்னொரு டாக்டர் பார்க்காமல் போவதால் எத்தனை பெரியவர்கள் பாத்ரூமில் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டு வந்தார்கள் என்று வார்டில் பார்த்தவள் நான், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரே பையில் போட்டு, அந்த மூன்று அளவுகளையும் எழுதி எடுத்துக்கொண்டு நாளைக்கே பிபி டாக்டரிடம் போங்கள்.

குடியாத்தம் தறிவீடு:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். டாக்டர் சீட்டைப் பார்த்ததும் நைனாவைப் படுக்க வைத்து, நிற்க வைத்து அவரே அளந்தார். ரத்தத்தில் உப்பு அளவும் இசிஜியும் பார்த்தார்கள், சரியாக இருக்கிறது. நீர் மாத்திரை இல்லாத டெல்மிசார்டன் மட்டும் மாற்றிக் கொடுத்தார், ப்ராஸ்டேட் மாத்திரை ராத்திரி படுக்கும்போது. இரண்டு வாரம் கழித்து அளவுகளோடு வரச் சொல்லியிருக்கிறார். இன்று காலை படுத்து 146/86, நின்று 132/80. கிறுகிறுப்பு இல்லை என்கிறார்.

ஒரு சந்தேகம், தறியை விட்டதும் ஒரு காரணமாக இருக்குமா?

ராணிப்பேட்டை உடலியல் ஆசிரியர்:

இருக்கலாம். மிதியை மிதிக்க மிதிக்க இரண்டு கெண்டைக்காலும் நாள் முழுக்க ரத்தத்தை ஏற்றிக்கொண்டிருந்தன, நாற்காலியில் அந்த வேலை நின்றுவிட்டது. குழியில் இறங்க வேண்டியதில்லை. ராத்திரி எழும்போது கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து பாதத்தை மேலும் கீழும் அசைக்கட்டும், பிறகு எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கட்டும்.

குடியாத்தம் தறிவீடு:

சொன்னேன் சார். கட்டிலில் உட்கார்ந்து காலை அசைக்கச் சொன்னால் மறந்துவிடுகிறார், மிதி மிதிக்கிற மாதிரி செய் நைனா என்றதும் இடம் வலம் மாற்றி மாற்றிக் கணக்காகச் செய்கிறார்.