அலோன்சோவை விட்டது சரியா? நியூயார்க் மெட்ஸ் பேஸ்பால் ரசிகர்களின் குளிர்கால வாக்குவாதம்

ஏழாம் நம்பர் ரயில் | 10 டிசம்பர் 2025

நேற்று நம் க்ளோசர் (கடைசி இன்னிங்ஸில் பந்து போடுபவர்) எட்வின் டியாஸ் டாட்ஜர்ஸுக்குப் போனார். இன்று முதல் பேஸில் நிற்கும் பீட் அலோன்சோ பால்டிமோருக்குப் போகிறார், ஐந்து வருடம், 155 மில்லியன் டாலர். பிராண்டன் நிம்மோவை நவம்பர் கடைசியிலேயே டெக்சஸுக்குக் கொடுத்து மார்கஸ் செமியனை வாங்கிவிட்டார்கள். மூன்று வாரத்துக்குள் வீடு காலி.

நிம்மோவை 2011-லும் அலோன்சோவை 2016-லும் டிராஃப்டில் (இளம் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் நாளில்) எடுத்து வளர்த்தோம். மேஜர் லீகில் இருவரும் வேறு அணியின் சட்டையைப் போட்டதே இல்லை. அலோன்சோ முதல் வருடமே, 2019-ல், 53 ஹோம் ரன் அடித்தார். புதுமுகம் எவரும் ஒரு சீசனில் அத்தனை அடித்ததில்லை. கடைசி இரண்டு சீசனிலும் 162 ஆட்டம், ஒன்றைக்கூட விடவில்லை. போன ஆகஸ்ட் 12-ம் தேதி டாரில் ஸ்ட்ராபெரியின் 252 ஹோம் ரன் என்ற கிளப் சாதனையை அவர் தாண்டியபோது நான் மகளோடு சிட்டி ஃபீல்டில் இருந்தேன். பேட்டில் பட்ட சத்தம் கேட்டதுமே பக்கத்து இருக்கைப் பெரியவர் எழுந்து நின்றுவிட்டார். பந்து எங்கே போய் விழுந்தது என்று நான் பார்க்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். 1986 கோப்பையை ஷே ஸ்டேடியத்தில் நேரில் பார்த்தவராம். அதற்குப் பிறகு இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை என்றார்.

38 ஹோம் ரன்னும் 126 ஆர்பிஐயும் (அவர் அடியால் வந்த ரன்) எடுத்த மனிதரை விட்டுவிட்டு முதல் பேஸில் யாரை நிறுத்தப் போகிறார் நம் அணிக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் டேவிட் ஸ்டெர்ன்ஸ்? நாம் என்ன பணமில்லாத அணியா? போன வருடம் இதே டிசம்பரில் ஹுவான் சோட்டோவுக்கு 15 வருடத்துக்கு 765 மில்லியன் கொடுத்தவர்கள்தானே?

ஜெர்சி குமரன் | 10 டிசம்பர்

அண்ணா, வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் அதே அணியை அப்படியே வைத்துக்கொண்டு என்ன செய்திருப்போம்? 2025-ல் ஜூன் 12 முடியும்போது 45 வெற்றி, 24 தோல்வி. மேஜர் லீகிலேயே நாம்தான் முதலிடம். அதற்குப் பிறகு 38 வெற்றி, 55 தோல்வி. கடைசி நாள் மயாமியில் ஜெயித்திருந்தால்கூடப் போதும், ப்ளேஆஃபுக்குப் போயிருப்போம், ஏனென்றால் சின்சினாட்டியும் அன்று தோற்றது. நாம் 4-0 என்று தோற்றோம்.

அந்த ஜூன் 12-ஐ நினைத்துப் பாருங்கள். நேஷனல்ஸோடு ஆட்டம். கொடாய் செங்கா பந்து போட்டுவிட்டு முதல் பேஸை மூட ஓடுகிறார். அலோன்சோ தரையில் வந்த பந்தை எடுத்து அவருக்கு எறிகிறார். எறி உயரமாகப் போய்விட்டது. செங்கா எம்பிப் பிடித்து, பேஸை மிதித்து, அப்படியே தொடையைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அதுவரை அவருடைய இஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாகக் கொடுத்த ரன், குறைந்தால் நல்லது) 1.47. திரும்பி வந்தவர் பழைய செங்கா இல்லை. செப்டம்பரில் அவரை மைனர் லீகுக்கே அனுப்ப வேண்டியதாயிற்று.

ஒரே ஒரு எறிக்காக அலோன்சோவைப் பழி சொல்லவில்லை. ஆனால் அவருடைய ஃபீல்டிங் இறங்கிக்கொண்டே வந்தது நம் எல்லோருக்கும் தெரியும். ரன்னைத் தடுப்பதில்தான் நாம் தோற்றோம் என்று சீசன் முடிந்ததுமே ஸ்டெர்ன்ஸ் சொல்லிவிட்டார். மூன்று நாளுக்கு முன்புதான் அலோன்சோவுக்கு 31 வயது ஆனது. ஒப்பந்தம் முடியும்போது 35 இருக்கும். அந்தக் கடைசி இரண்டு வருடம் அவர் எப்படி ஆடுவார் என்று யோசித்துச் சொல்லுங்கள்.

ஃப்ளஷிங் மீனா | 11 டிசம்பர்

குமரன், வயதைப் பற்றிப் பேசினால் முழுதாகப் பேசுவோம். நிம்மோவுக்கு 32, செமியனுக்கு 35. செமியன் இரண்டாம் பேஸில் கோல்டு க்ளவ் என்ற ஃபீல்டிங் விருதை வாங்கினார், மறுக்கவில்லை. ஆனால் 2025-ல் பேட்டிங் சராசரி .230. வயதானவரைக் கொடுத்து இளையவரை வாங்கியிருந்தால் உங்கள் வாதம் நிற்கும். இங்கே தலைகீழாக இருக்கிறது.

எனக்கு அலோன்சோவைவிட டியாஸ் போனதுதான் தாங்கவில்லை. 28 சேவ் (முன்னிலையைக் கடைசிவரை காத்த ஆட்டம்), இஆர்ஏ 1.63. எட்டாவது இன்னிங்ஸ் முடிந்ததும் விளக்கெல்லாம் அணைந்து அவரை வரவேற்கும் அந்த ட்ரம்பெட் ஒலிக்கும்போது, எதிரணி ஆட்கள் டகவுட்டில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பதை எத்தனை தடவை பார்த்திருக்கிறோம்! 2023-ல் உலக பேஸ்பால் கிளாசிக்கில் ஜெயித்த சந்தோஷத்தில் குதித்து முழங்கால் போய், ஒரு வருடம் முழுக்க ஆடாமல் இருந்தார். அவருக்காகக் காத்திருந்தோம். குணமாகி நன்றாக ஆடிய மனிதரை இப்போது மூன்று வருடம் 69 மில்லியனுக்கு டாட்ஜர்ஸ் தூக்கிக்கொண்டு போகிறது. நம் பக்கத்திலிருந்து 66 வரை வந்ததாகச் செய்தி. மூன்று மில்லியனுக்காகவா?

அவர் இடத்துக்கு டெவின் வில்லியம்ஸ், மூன்று வருடம் 51 மில்லியன். 2025-ல் யாங்கீஸுக்கு ஆடி இஆர்ஏ 4.79.

ஏழாம் நம்பர் ரயில் | 11 டிசம்பர்

மீனா, வில்லியம்ஸ் பெயரைச் சொன்னதும் எனக்கு வேறு ஒன்று வந்து நிற்கிறது. 2024 அக்டோபர் 3, மில்வாக்கி. ப்ளேஆஃபின் முதல் சுற்றான வைல்டு கார்டு தொடரின் மூன்றாவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ், நாம் 2-0 என்று பின்னால். நம் ஷார்ட்ஸ்டாப் லின்டோர் மூன்றாம் பேஸில், நிம்மோ முதல் பேஸில். அப்போது மில்வாக்கிக்கு ஆடிய வில்லியம்ஸ் அவருடைய பேர்போன சேஞ்ச்-அப்பை (வேகம் குறைத்து ஏமாற்றும் பந்து) போட்டார். அலோன்சோ அதை வலது பக்கம் தூக்கினார், வேலியை ஒட்டித் தாண்டி விழுந்தது. மூன்று ரன். சமையலறையில் பால் பொங்கி வழிந்தது, வீட்டில் ஒருவரும் போய் அணைக்கவில்லை.

அந்த ஹோம் ரன்னை அடித்தவர் இன்று பால்டிமோரில். முதல் பேஸில் நின்று அதைப் பார்த்தவர் டெக்சஸில். அந்தப் பந்தைப் போட்டவர் நம் க்ளோசர். ஒரு ரசிகனாக இதை எப்படி ஏற்றுக்கொள்வது என்று தெரியவில்லை.

ஜெர்சி குமரன் | 11 டிசம்பர்

வில்லியம்ஸ் பற்றி மட்டும் சொல்கிறேன். இஆர்ஏ 4.79 என்றாலும் 62 இன்னிங்ஸில் 90 ஸ்ட்ரைக் அவுட் எடுத்திருக்கிறார். கை போனவரால் அது முடியாது. மில்வாக்கியில் அவரை வளர்ந்த நாளிலிருந்து பார்த்தவர் ஸ்டெர்ன்ஸ். நான் அவரை நம்புகிறேன்.

டியாஸ் விஷயத்தில் நீங்கள் இருவரும் சொல்வது சரி. அவரை விட்டிருக்கக் கூடாது.

புதுவரவு பாலா | 12 டிசம்பர்

வணக்கம். எடிசனுக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது, பேஸ்பால் பார்ப்பதும் அப்போதிருந்துதான். ஒரு சந்தேகம். ஐபிஎல்லில் அணிக்கு இவ்வளவுதான் பணம் என்று வரம்பு இருக்கும், அதனால் பிடித்த ஆளையும் விட வேண்டி வரும். 2022 ஏலத்தில் ரெய்னாவைச் சென்னை எடுக்காமல் விட்டபோது நாங்களும் இப்படித்தான் துடித்தோம். இங்கே வரம்பே இல்லை என்கிறார்கள். அப்புறம் ஸ்டீவ் கோஹன் மாதிரி ஒரு முதலாளி இருக்கும்போது ஏன் யாரையாவது விட வேண்டும்?

ஜெர்சி குமரன் | 12 டிசம்பர்

நல்ல கேள்வி தம்பி. வரம்பு இல்லை, வரி இருக்கிறது. 2026-ல் மொத்தச் சம்பளம் 244 மில்லியனைத் தாண்டினால் வரி ஆரம்பம். நான்கு படி. கடைசிப் படி 304 மில்லியன். நம்மைப் போலத் தொடர்ந்து மூன்று வருடமோ அதற்கு மேலோ தாண்டும் அணிக்கு, அந்தக் கடைசிப் படிக்கு மேலே போகும் ஒவ்வொரு டாலருக்கும் 1.10 டாலர் வரி. அதாவது அலோன்சோவுக்கு வருடம் 31 மில்லியன் என்றால், நாம் அந்தப் படிக்கு மேலே இருக்கும் வரை, கோஹன் கையிலிருந்து போவது 65 மில்லியன். பால்டிமோருக்கு அதே ஆள் 31-க்குக் கிடைக்கிறார். ஒரே ஆளுக்கு நாம் இரட்டை விலை கொடுக்கிறோம்.

அதனால்தான் நீண்ட ஒப்பந்தம் என்றால் ஸ்டெர்ன்ஸ் பயப்படுகிறார். நான்கு வருடம் கழித்து ஆட முடியாத ஒருவருக்கும் அந்த இரட்டை விலையைக் கொடுக்க வேண்டும்.

ஏழாம் நம்பர் ரயில் | 14 டிசம்பர்

முதல் பேஸுக்கு ஆள் வந்துவிட்டார். ஹோர்ஹே போலான்கோ, இரண்டு வருடம், 40 மில்லியன். சியாட்டிலுக்கு 26 ஹோம் ரன் அடித்தவர். அக்டோபரில் டெட்ராய்ட்டை 15-வது இன்னிங்ஸில் வீழ்த்திய அடியும் அவருடையதுதான். நல்ல ஆட்டக்காரர், அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஆனால் குமரன், மேஜர் லீகில் முதல் பேஸில் நின்றே பழகாதவர் அவர். ரன்னைத் தடுக்க வேண்டும், அதனால் அலோன்சோ வேண்டாம் என்றீர்கள். அந்த இடத்தில் இப்போது நிற்கப் போகிறவர் அங்கே இனிமேல்தான் கற்றுக்கொள்ள வேண்டும். ஷார்ட்ஸ்டாப்பிலிருந்து லின்டோர் எறியும் எறிகளைக் குதிக்க விடாமல் வாரி எடுக்க அலோன்சோவுக்கே எத்தனை வருடம் ஆனது!

ஜெர்சி குமரன் | 14 டிசம்பர்

இரண்டு வருடம்தான் என்பதைக் கவனியுங்கள் அண்ணா. சரியாக வராவிட்டால் 2027-ஓடு முடிந்தது. ஐந்து வருடம் கட்டிக்கொள்ளவில்லை. ஆனால் முதல் பேஸ் பற்றி நீங்கள் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. சீசனுக்கு முந்தைய ஸ்ப்ரிங் டிரெய்னிங்கில் பார்ப்போம்.

ஏழாம் நம்பர் ரயில் | 16 ஜனவரி 2026

கைல் டக்கர் டாட்ஜர்ஸுக்குப் போன மறுநாளே போ பிஷெட். மூன்று வருடம், 126 மில்லியன். முதல் இரண்டு வருடத்திலும் அவர் விரும்பினால் வெளியேறலாம். மூன்றாம் பேஸில் நிறுத்தப் போகிறார்களாம். டொரான்டோவில் ஷார்ட்ஸ்டாப்பாக இருந்தவர், மூன்றாம் பேஸும் அவருக்குப் புது இடம்.

குமரன், உங்கள் வரிக் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். வருடம் 42 மில்லியன், அதற்கு 1.10 மடங்கு வரி, மொத்தம் 88 மில்லியனுக்கு மேல். அலோன்சோவுக்கு 65 அதிகம் என்றீர்கள். அப்போது பணம் பிரச்சினையே இல்லை. வேண்டாம் என்று முடிவு எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். அதை நம்மிடம் நேராகச் சொல்லியிருக்கலாம்.

ஜெர்சி குமரன் | 17 ஜனவரி

கணக்கு சரி. இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன்... இல்லை, நேற்று முழுக்க. ஒப்புக்கொள்கிறேன், பணத்தைக் காரணமாகச் சொன்னது என் தப்பு. காரணம் வருடங்கள்தான். மூன்று வருடத்துக்கு மேல் யாரோடும் கட்டிக்கொள்ளக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். வில்லியம்ஸ் மூன்று, போலான்கோ இரண்டு, புல்பென்னுக்கு (ஆட்டத்தின் நடுவில் இறங்கிப் பந்து போடுபவர்கள்) எடுத்த லூக் வீவர் இரண்டு, பிஷெட் மூன்று. பார்த்தால் தெரிகிறது.

பிஷெட்டுக்கு 27 வயது. சராசரி .311. கோப்பைக்கான உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், முழங்கால் முழுதாகச் சரியாகாமலே வந்து ஓட்டானியின் பந்தில் மூன்று ரன் ஹோம் ரன் அடித்தவர். இந்த ஆளை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஃப்ளஷிங் மீனா | 17 ஜனவரி

பிஷெட்டை எனக்கும் பிடிக்கும். ஆனால் குமரன், நன்றாக ஆடினால் நவம்பரிலேயே அவர் வெளியேறிவிடுவார். மோசமாக ஆடினால் நம்மோடு இருப்பார். நல்லது நடந்தாலும் அவர் நமக்கு ஒரு வருட விருந்தாளிதான். வருடா வருடம் புது ஆட்களோடு ஒரு அணியை எப்படிக் கட்டுவது? நம் அணியில் இப்போது வேரோடு நிற்பது சோட்டோவும் லின்டோரும் மட்டும்தான்.

இன்னொன்று. 2025-ல் 46 பிட்சர்களை (பந்து போடுபவர்கள்) இறக்கினோம். மேஜர் லீக் வரலாற்றில் எந்த அணியும் ஒரு சீசனில் இத்தனை பேரை இறக்கியதில்லை. அதுதான் நம் நோய். டிசம்பர் முழுக்கப் பேட்ஸ்மேன்களைப் பற்றியே பேசிவிட்டோம். ஆகஸ்டில் வந்த நோலன் மக்லீன் எட்டு ஆட்டத்தில் 2.06 இஆர்ஏ வைத்தார், அந்தப் பையன் ஒருவனை நம்பி ஏப்ரலுக்குப் போக முடியாது. முதல் தரமான ஒரு ஸ்டார்ட்டர் (ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர்) வேண்டும். அது வந்தால் நான் ஸ்டெர்ன்ஸைப் பற்றிப் பேசுவதை நிறுத்துகிறேன்.

புதுவரவு பாலா | 22 ஜனவரி

மீனா அக்கா, வந்துவிட்டார்! ஃப்ரெடி பெரால்டா. மில்வாக்கியிலிருந்து ட்ரேட்.

ஃப்ளஷிங் மீனா | 22 ஜனவரி

பார்த்தேன் பாலா, காலையிலிருந்து சிரித்துக்கொண்டே இருக்கிறேன். 17 வெற்றி, 6 தோல்வி, இஆர்ஏ 2.70, 204 ஸ்ட்ரைக் அவுட். 2026-க்குச் சம்பளம் வெறும் 8 மில்லியன். ஜெட் வில்லியம்ஸையும் பிராண்டன் ஸ்ப்ரோட்டையும் கொடுத்ததில் வருத்தம்தான், இருவரும் நாம் வளர்த்த பிள்ளைகள். ஆனாலும் இந்த விலைக்கு இப்படி ஒரு பிட்சர் வேறு எங்கும் கிடைக்க மாட்டார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறேன், ஸ்டெர்ன்ஸ் பற்றி இனி ஏப்ரலில்தான்.

ஜெர்சி குமரன் | 22 ஜனவரி

2015 டிசம்பரில் ஸ்டெர்ன்ஸ் மில்வாக்கிக்குப் புதிதாக வந்தபோது, சியாட்டிலிடமிருந்து ட்ரேடில் கேட்டு வாங்கிய மூன்று பையன்களில் ஒருவர் இந்தப் பெரால்டா. அப்போது 19 வயது. யாரை எப்போது எடுப்பது என்று அவருக்குத் தெரியும் என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

ஏழாம் நம்பர் ரயில் | 23 ஜனவரி

நல்ல ட்ரேட். மனதார வரவேற்கிறேன். ஆனால் பெரால்டாவும் சீசன் முடிந்ததும் ஃப்ரீ ஏஜென்ட், எந்த அணிக்கும் போகலாம். அவருக்கு ஜூன் மாதம் 30 வயது ஆகிறது. நவம்பரில் அவர் ஐந்து, ஆறு வருடம் கேட்பார். அப்போதும் மூன்று வருடத்துக்கு மேல் கிடையாது என்று இவரையும் அனுப்பிவிடுவார்களா? குமரன், அன்று உங்கள் பதிலைக் கேட்க இதே இடத்துக்கு வருவேன்.

மகள் ஒன்று கேட்டாள். முதல் ஆட்டத்துக்கு அலோன்சோவின் 20-ம் நம்பர் சட்டையைப் போட்டுக்கொண்டு வரலாமா, யாராவது திட்டுவார்களா என்று. அதுவும் மெட்ஸ் சட்டைதானே, போட்டுக்கொள் என்றேன்.

ஜெர்சி குமரன் | 23 ஜனவரி

தாராளமாகப் போடட்டும் அண்ணா. என்னிடமும் அதே சட்டை இருக்கிறது, அன்று நானும் அதையே போட்டுக்கொண்டு வருகிறேன். நவம்பரில் பெரால்டாவை விட்டால் உங்கள் பக்கம் நின்று நானே எழுதுவேன்.

ஃப்ளஷிங் மீனா | 23 ஜனவரி

பிப்ரவரி கடைசியில் ஃப்ளோரிடாவில் தங்கை வீட்டுக்குப் போகிறேன், நம் அணி ஸ்ப்ரிங் டிரெய்னிங் நடத்தும் போர்ட் செயின்ட் லூசி அங்கிருந்து ஒரு மணி நேரம். போலான்கோ முதல் பேஸில் நிற்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். லின்டோர் தாழ்வாக எறியும் பந்துகளை எத்தனை தடவை வாரி எடுக்கிறார் என்று எண்ணிக்கொண்டே பார்ப்பேன்.