மாந்தோப்பு வீடு குழு: கவிதா ஜெர்மனியிலிருந்து ஊர் திரும்பும் வாரம்

26 ஜூலை 2025, சனி

அம்மா (காலை 6:05): கண்ணு, அங்கே இன்னும் விடிந்திருக்காது. எழுந்ததும் பதில் போடு. பெட்டி கட்ட ஆரம்பித்தாயா?

சித்தி (6:40): கவி, இந்தக் கடைசி வாரத்திலாவது பாரிஸ் போய்விட்டு வா. உன் ஊரிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரச் சொச்சம்தான் என்று பாப்பா பார்த்துச் சொன்னாள். இன்னொரு முறை எப்போது போகப்போகிறாய்?

பெரியம்மா (6:52): ஆமாம், ஈபிள் கோபுரத்துக்கு முன்னால் நின்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

நான் (10:48): எல்லாருக்கும் காலை வணக்கம். இங்கே இப்போதுதான் ஏழு மணி தாண்டியிருக்கிறது. பெட்டி பாதி ஆகிவிட்டது அம்மா. 23 கிலோ ஒரே பெட்டிதான், அதனால் குளிர் கோட்டை இங்கேயே அடுத்து வரும் பெண்ணுக்குக் கொடுத்துவிடுகிறேன்.

சித்தி, பாரிஸ் போகவில்லை. திங்கள் கடைசிப் பரீட்சை. அது முடிந்ததும் செவ்வாய், புதன் இரண்டு நாளும் லேபில் எனக்கு மேசை கொடுக்கிறேன் என்று பேராசிரியர் சொல்லியிருக்கிறார். அதை விட எனக்கு மனமில்லை.

சித்தி (10:55): பரீட்சை முடிந்த பிறகு லேபில் என்ன வேலை?

நான் (11:10): மாம்பழத் தோல்.

சேகர் மாமா (11:12): எது, நாங்கள் டிராக்டரில் ஏற்றி வெளியே கொட்டுகிற தோலா?

நான் (11:31): அதேதான் மாமா. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நீங்கள் ஜூஸ் ஃபேக்டரியில் பார்ப்பதுதானே, உள்ளே வருகிற மாங்காயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தோலும் கொட்டையுமாகத்தான் வெளியே போகிறது. நம் காவேரிப்பட்டணம் பக்கம் ஜூன், ஜூலையில் அந்த வாடை எவ்வளவு தூரம் வரும் என்று எல்லாருக்கும் தெரியும். அந்தத் தோலில் பெக்டின் இருக்கிறது. ஜாம் கெட்டியாவது அதனால்தான். கடை ஜாம் பாட்டிலில் 440 என்று ஓர் எண் போட்டிருப்பார்கள், அது இதுதான். உலகத்தில் விற்கிற பெக்டின் பெரும்பாலும் எலுமிச்சை, ஆரஞ்சு வகைத் தோலிலிருந்தும் ஆப்பிள் சக்கையிலிருந்தும் எடுப்பது. மாம்பழத் தோலிலிருந்தும் எடுக்கலாம் என்று நான் படிக்கிற இந்த ஹோஹன்ஹைம் பல்கலைக்கழகத்திலேயே 2005 வாக்கில் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். நூலகத்தில் அதைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது மாமா. மாமரமே இல்லாத ஊரில் உட்கார்ந்து நம் வீட்டுக் குப்பையைப் பற்றி இவ்வளவு யோசித்திருக்கிறார்கள்.

சேகர் மாமா (11:40): அங்கே தோலுக்கு எங்கே போவாய்?

நான் (11:44): கடையில் மேற்கு ஆப்பிரிக்க மாம்பழம் வருகிறது. இங்கே கிலோ கணக்கு கிடையாது, ஒரு பழம் இவ்வளவு என்று விலை. வாங்கி, சதையை ஹாஸ்டலில் எல்லாருமாகச் சாப்பிட்டுவிட்டு, தோலை லேபுக்கு எடுத்துப்போகிறேன். செய்முறை கைக்கு வந்துவிட்டால் போதும். நம் பெங்களூரா ரக மாம்பழத் தோலை ஊருக்கு வந்து செய்யலாம்.

பெரியப்பா (12:15): இந்த வருடம் பெங்களூராவுக்கு விலையே இல்லை. பறிக்கும் கூலிக்குக் கட்டாமல் சில பேர் மரத்திலேயே விட்டுவிட்டார்கள். தோலுக்கு ஒரு விலை வந்தால் காய்க்கும் கொஞ்சம் கூடுமா கவி?

நான் (12:20): அதை இப்போது சொல்ல முடியாது பெரியப்பா. பெக்டின் எடுக்க அமிலம் வேண்டும், ஆல்கஹால் வேண்டும், செலவு இருக்கிறது. ஆனால் தோலை நன்றாகக் காயவைத்து வைத்தாலே அது விற்கக்கூடிய பொருள். முதலில் நம் தோலில் எவ்வளவு தேறுகிறது என்று பார்க்கவேண்டும். அதற்காகத்தான் இந்தப் பாடுபடுகிறேன்.

பெரியம்மா (12:24): சரி கண்ணு. போட்டோ லேபிலேயே எடுத்து அனுப்பு.

27 ஜூலை, ஞாயிறு

அப்பா (மதியம் 1:30): கவி, இன்று கடைக்குப் போக வேண்டுமென்றால் சீக்கிரம் போய் வாங்கிவிடு.

நான் (1:36): ஞாயிறு எல்லாக் கடையும் மூடியிருக்கும் அப்பா, நேற்றே வாங்கிவிட்டேன். இன்று முழுக்கப் படிப்பு.

அப்பா (1:40): கணக்கு வழக்கெல்லாம் முடித்தாயா? அட்வான்ஸ் எப்போது தருவார்கள்?

நான் (1:58): செவ்வாய் காலை ஊர்ப் பதிவு அலுவலகத்தில் நேரம் வாங்கியிருக்கிறேன். வந்தவுடன் பேரைப் பதிந்தேன் அல்லவா, போகும்போது நீக்கவேண்டும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால்தான் ஏற்றுக்கொள்வார்கள், அதற்கு முன்னால் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்தக் காகிதம் கையில் இருந்தால்தான் காப்பீட்டையும் மற்றதையும் நிறுத்துவது சுலபம். மாதம் 58 யூரோ ரயில் பாஸை இந்த மாதம் 10ஆம் தேதிக்குள்ளேயே ரத்து செய்துவிட்டேன், தவறினால் ஆகஸ்டுக்கும் பிடித்துக்கொள்வார்கள்.

அட்வான்ஸ் உடனே வராது. அறையைப் பார்த்து, கணக்கு முடித்து அனுப்ப வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். அதுவரை இங்கே உள்ள வங்கிக் கணக்கை மூடாமல் வைத்திருக்கிறேன். அவசரப்பட்டு மூடிய சீனியர் ஒருவர், பணம் வந்து சேர வழியில்லாமல் அலைந்தார்.

அப்பா (2:03): நல்லது. செலவுக்கு மாதம் கிடைத்த 992 யூரோவில் மிச்சம் பிடித்ததையும் அதிலேயே வை. கிளம்பும் நாள் கையில் கொஞ்சம் வைத்துக்கொள்.

பெரியப்பா (2:30): கவி, அங்கே இருந்து ஆப்பிள் கன்றோ விதையோ கிடைத்தால் கொண்டு வாம்மா. தளி பக்கம் குளிர்ச்சிதானே, வைத்துப் பார்க்கலாம்.

நான் (2:37): அது மட்டும் முடியாது பெரியப்பா. செடி, விதை எதுவாக இருந்தாலும் முன் அனுமதியும் நோயில்லை என்ற சான்றும் இல்லாமல் கொண்டு வரக்கூடாது. ஒரு பூச்சி கூடவே வந்தால் நம் தோப்புக்கே கேடு.

பெரியப்பா (2:39): அப்படியா. வேண்டாம், வேண்டாம். நீ வந்தால் போதும்.

தாத்தா (மாலை 5:20): கவிதா, நீ படிக்கும் கல்லூரி எப்போது தொடங்கியது? போட்டோவில் அரண்மனை போல் இருக்கிறதே.

நான் (5:48): அரண்மனையேதான் தாத்தா. கல்லூரி தொடங்கியது 1818. அதன் கதை உங்களுக்குப் பிடிக்கும். 1815இல் இந்தோனேசியாவில் தம்போரா என்ற எரிமலை வெடித்தது. அந்தச் சாம்பலும் புகையும் வானத்தில் பரவி, அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. பயிர் விளையாமல் இந்தப் பக்கம் கடும் பஞ்சம். இனி இப்படி வரக்கூடாது என்றுதான் அப்போது இந்தப் பகுதியை ஆண்ட வியூர்ட்டம்பர்க் அரசர் முதலாம் வில்ஹெல்ம் இந்த விவசாயக் கல்விக்கூடத்தை ஏற்படுத்தினார்.

தாத்தா (6:10): பஞ்சத்தில் பிறந்த கல்லூரி என்று சொல். நம் பக்கம் தாது வருடப் பஞ்சம், 1876 முதல் 78 வரை. அப்போது நம் ஊரெல்லாம் சேலம் ஜில்லா. ஜில்லாவே காலியானது. என் பாட்டி சிறுமியாக இருந்தபோது பெரியவர்கள் சொல்லிக் கேட்டதை எனக்குச் சொல்வார். கள்ளிப் பழமும் கிழங்கும் தேடிக் காட்டுக்குப் போனவர்கள் திரும்பவில்லை என்பார். அதனால்தான் இன்றும் நம் வீட்டில் ராகி ஒரு மூட்டையாவது இல்லாமல் இருக்காது. நீ அந்த இடத்தில் படித்தது எனக்குப் பெரிய நிறைவு, கவிதா.

நான் (6:14): தாத்தா 🙏

28 ஜூலை, திங்கள்

நான் (மாலை 4:40): பரீட்சை முடிந்தது. நன்றாக எழுதியிருக்கிறேன்.

அம்மா (4:41): முருகா. சாப்பிட்டாயா?

நான் (4:50): சாப்பிட்டேன் அம்மா. ராத்திரி எங்கள் மாடிச் சமையலறையில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிறோம். நீங்கள் கொடுத்தனுப்பிய ராகி மாவில் மிச்சம் இருந்ததைக் களி கிண்டப்போகிறேன். எத்தியோப்பியத் தோழி மாவைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள். அவள் பாட்டி வீட்டிலும் இதே தானியமாம். ராகி முதலில் பயிரானதே அவர்கள் பக்கத்து மேட்டு நிலங்களில்தானே. அவளைப் பிரிவதுதான் கஷ்டமாக இருக்கிறது. பனிக்காலம் முடியாத ஏப்ரலில் எனக்கு முதலில் கதவைத் திறந்தவள் அவள்.

அம்மா (4:53): அவளை ஒருநாள் நம் வீட்டுக்குக் கூட்டி வா. களிக்கு நான் கடலைத் துவையல் அரைக்கிறேன்.

29 ஜூலை, செவ்வாய்

சேகர் மாமா (காலை 8:15): கவி, ஒரு சேதி. மாங்காய் வரத்து குறைந்துவிட்டது. நாளை மறுநாளோடு அரைப்பது நிற்கிறது. நீ வரும்போது தோல் இருக்காது. இப்போதே எடுத்து வைக்கட்டுமா? எப்படி வைக்கவேண்டும்?

நான் (11:20): ஐயோ மாமா, கட்டாயம் எடுத்து வையுங்கள்! கவனமாகப் படியுங்கள்.

தோல் இயந்திரத்திலிருந்து வந்தவுடன் எடுக்கவேண்டும், சாயங்காலம் வரை குவியலில் கிடந்தது வேண்டாம். அதற்குள் புளிக்க ஆரம்பித்துவிடும். நல்ல தண்ணீரில் ஒட்டியிருக்கும் சதையைக் கழுவுங்கள். பிறகு கொதிக்கிற நீரில் சில நிமிடம் போட்டு எடுங்கள். தோலுக்குள்ளேயே பெக்டினைச் சிதைக்கிற நொதிகள் இருக்கின்றன, அந்தச் சூட்டில்தான் அடங்கும். வடித்து, மெல்லிசாக வலையில் பரப்புங்கள், வெறும் சிமென்ட் தரையில் வேண்டாம். கையால் ஒடித்தால் படக்கென்று ஒடியவேண்டும், அதுவரை காயட்டும்.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள் மாமா. மாங்காய்ப் பால் பட்டால் வாய் வெந்துபோகுமே, அந்த மாதிரி நம் கையை அரிக்கவைக்கும் பொருள் மாம்பழத் தோல் உலர்ந்த பிறகும் அதில் இருக்கும்.

சேகர் மாமா (11:34): ஆடி மாதம், காற்று நன்றாக அடிக்கிறது. மாடியில் போட்டால் காய்ந்துவிடும். மேனேஜரிடம் கேட்டேன், குப்பைதானே, எடுத்துக்கொள் என்றார்.

அம்மா (11:36): தம்பி, மாடியில் நான் வடகம் போட்டிருக்கிறேன்!

சேகர் மாமா (11:37): அக்கா, கிழக்குப் பக்கம் மட்டும் போதும்.

நான் (இரவு 10:15): ஊர்ப் பதிவு வேலை முடிந்தது. இங்கே தங்கிப் படித்ததற்கான சான்றில் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். மதிப்பெண் பட்டியல் பிறகு அனுப்புவார்கள், அதை வைத்துத்தான் நம் கல்லூரியில் இங்கே படித்ததற்கான 30 கிரெடிட் பாயின்டையும் ஏற்கவேண்டும். லேபில் இன்று வடிகட்டியதில் ஆல்கஹால் ஊற்றியதும் வெள்ளையாக, பஞ்சு மாதிரி திரண்டு மேலே வந்தது. போட்டோ பாருங்கள். பெரியம்மா, இதுதான் என் ஈபிள் கோபுரம் ❤️

பெரியம்மா (10:17): இதையே ஸ்டேட்டஸ் வைக்கிறேன்.

31 ஜூலை, வியாழன்

நான் (மாலை 6:30): அறையை ஒப்படைத்துவிட்டேன். அடுப்பு, குளிர்பெட்டி, ஜன்னல் விளிம்பு வரை பார்த்தார்கள், குறை எதுவும் எழுதவில்லை. இன்று ராத்திரி தோழி அறையில். காலையில் ஃபிராங்க்பர்ட்டுக்கு ரயில், மதியம் விமானம், உங்கள் நேரப்படி வெள்ளி நள்ளிரவு தாண்டி பெங்களூர்.

பாட்டி (6:45): (குரல் பதிவை முகில் எழுதுகிறேன்) ராத்திரி ஓசூர் ரோட்டில் லாரி அதிகம். உன் அப்பா தனியாக வண்டி ஓட்டக்கூடாது. டிரைவரை வைத்துக்கொள்ளச் சொல்.

அப்பா (6:50): டிரைவர் சொல்லியாயிற்று அம்மா. சேகரும் வருகிறான்.

சித்தி (6:58): ஞாயிறு ஆடிப்பெருக்கு. ஒகேனக்கல் போகிறோமா?

பெரியப்பா (7:05): தண்ணீர் அதிகமாக வந்தால் குளிக்க விடமாட்டார்கள், பரிசலும் ஓடாது. பிள்ளை களைப்பாக வேறு வருவாள். நம் தென்பெண்ணைக் கரையிலேயே கும்பிட்டுவிடலாம்.

நான் (7:08): தென்பெண்ணையே போதும் பெரியப்பா. முளைப்பாரி விடும்போது நான் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

சேகர் மாமா (7:20): கவி, தோல் காய்ந்துவிட்டது, படக்கென்று ஒடிகிறது. பெங்களூராவோடு கடைசி லோடில் நீலமும் வந்தது. கலந்து கட்டட்டுமா?

நான் (7:21): கலக்காதீர்கள் மாமா! ரகத்துக்கு ரகம் பெக்டின் அளவு மாறும். தனித்தனிப் பையில் கட்டி, ரகமும் அரைத்த தேதியும் எழுதி ஒட்டுங்கள். திங்கள் காலை கல்லூரி லேபுக்கு எடுத்துப்போகிறேன்.

சேகர் மாமா (7:40): ஒட்டியாயிற்று. பெங்களூரா இரண்டு பை, நீலம் ஒரு பை. எலி எட்டாத இடத்தில், பரண் மேல் இருக்கிறது.