சொருகியே கிடக்கும் ஹார்ட் டிஸ்க் பேக்கப் ரான்சம்வேரைத் தாங்குமா?

கேள்வி:
வணக்கம். அலுவலகத்தில் 6 கணினிகள். ஒன்றில்தான் கணக்கு மென்பொருள். மற்ற ஐந்திலும் அதன் ஃபோல்டரை நெட்வொர்க் டிரைவாகத் திறந்து வேலை செய்கிறோம். மொத்தம் 60 ஜிபி இருக்கும். இரவு 9 மணிக்கு, அதே கணினியில் எப்போதும் சொருகியிருக்கும் வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு பேக்கப் தானாக ஓடும். ஆடிட்டர் ரிமோட் டெஸ்க்டாப்பில் வருவதற்காக ரவுட்டரில் 3389 போர்ட்டைத் திறந்து வைத்திருக்கிறோம். ஆன்டிவைரஸ் உண்டு. ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும் தீய மென்பொருள்) வந்தால் இது போதுமா?

பதில் 1:
போதாது. ரான்சம்வேர் சி டிரைவோடு நிற்பதில்லை. அது எந்தப் பயனர் கணக்கில் நுழைகிறதோ, அந்தக் கணக்கால் எழுத முடிகிற எல்லா இடத்தையும் பூட்டும். உங்கள் வெளி டிஸ்க்கும் நெட்வொர்க் டிரைவும் அதில் அடக்கம். பூட்டுவதற்கு முன்பே விண்டோஸின் ஷேடோ காப்பிகளையும் (விண்டோஸ் எடுத்து வைக்கும் பழைய பதிப்புகள்) பெரும்பாலும் அழித்துவிடும். அதனால் 'பழைய பதிப்புக்குத் திரும்பு' என்ற வழியும் கைகொடுக்காது.

60 ஜிபி என்பது சின்ன அளவுதான். இரண்டு டிஸ்க் வாங்கி ஒன்று, இரண்டு என்று எண் ஒட்டுங்கள். ஒன்று சொருகியிருக்கும்போது மற்றது அலுவலகத்துக்கு வெளியே இருக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே கணினியில் இருக்கவே கூடாது.

கிளவுட் டிரைவில் சிங்க் ஆகிறதே என்று நம்பி இருந்துவிடாதீர்கள். பூட்டப்பட்ட ஃபைலும் அப்படியே சிங்க் ஆகி நல்லதை மூடிவிடும். பழைய பதிப்புகளைக் குறைந்தது 30 நாள் வைத்திருக்கும் வசதி இருந்தால்தான் அது உதவும்.

பலர் கோட்டை விடும் இடம் இன்னொன்று: கணக்கு மென்பொருள் திறந்திருக்கும்போது அதன் டேட்டா ஃபைலை காப்பி எடுத்தால், பாதி எழுதிய நிலையில் பதிவாகி பின்னால் திறக்காமல் போகலாம். எல்லாரும் வெளியேறிய பிறகு மென்பொருளின் சொந்த பேக்கப் வசதியில் எடுங்கள். மாதம் ஒருமுறை வேறொரு கணினியில் ரெஸ்டோர் செய்து, முந்தைய நாளின் கடைசி பில் இருக்கிறதா என்று திறந்தே பாருங்கள்.

பதில் 2:
பேக்கப்புக்கு முன்னால் அந்த 3389-ஐ இன்றைக்கே மூடுங்கள். போர்ட் எண்ணை மாற்றுவதால் பயனில்லை. திறந்த போர்ட்டைத் தேடி ஸ்கேன் செய்பவர்கள் எல்லா எண்ணையும்தான் தட்டிப் பார்க்கிறார்கள். ஆடிட்டருக்கு வயர்கார்ட் போன்ற விபிஎன் (இணையம் வழியே உங்கள் நெட்வொர்க்குக்குள் வரும் பாதுகாப்பான தனிப் பாதை) கொடுங்கள். சரியான கீ இல்லாமல் வருகிறவருக்கு அது பதிலே சொல்லாது. அவருடைய லேப்டாப் தொலைந்தால் அந்த ஒரு கீயை மட்டும் நீக்கினால் போதும்.

ரவுட்டரில் யுபிஎன்பி-யையும் (கருவிகள் கேட்டதும் போர்ட்டைத் திறந்து கொடுக்கும் வசதி) அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஏதாவது ஒரு கருவி தானாகவே போர்ட்டைத் திறந்துவிடும். பிறகு மொபைல் டேட்டாவிலிருந்து உங்கள் ஐபி முகவரிக்கு ரிமோட் டெஸ்க்டாப் போகிறதா என்று சோதியுங்கள். உள்ளே இருந்து சோதித்தால் உண்மை தெரியாது.

அன்றாட வேலைக்கு அட்மின் கணக்கு வேண்டாம். எஸ்எம்பி 1 (விண்டோஸ் நெட்வொர்க்கில் ஃபைல் பகிரும் பழைய முறை) இயக்கத்தில் இருந்தால் அணையுங்கள். 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான்; அதற்கான பேட்ச் மார்ச்சிலேயே வந்துவிட்டது. அணைத்ததும் பழைய ஸ்கேனர் ஃபோல்டருக்கு அனுப்ப மறுக்கலாம். அதற்காக மறுபடி இயக்காமல், ஸ்கேனை மின்னஞ்சலுக்குத் திருப்பிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. டிஸ்க்கை மாற்ற யாராவது மறந்துவிடுவார்களே என்பதுதான் கவலை.

பதில் 1:
அப்படியானால் ஒரு நாஸ் (நெட்வொர்க்கில் இணைக்கும் தனிச் சேமிப்புப் பெட்டி) வைத்து, அதுவே கணினியிலிருந்து ஃபைலை இழுத்துக்கொள்ளும்படி அமையுங்கள். கணினிக்கு நாஸின் கடவுச்சொல் தெரியவே கூடாது. நாஸை இணையத்துக்குத் திறக்கவும் கூடாது. ஆனாலும் வாரம் ஒருமுறையாவது டிஸ்க் மாற்றத்தை விடாதீர்கள், நாஸே பழுதாகலாம்.

பதில் 3:
தாக்குதல் நடந்துவிட்டால்: நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். பேக்கப் டிஸ்க்கை 'இருக்கிறதா பார்ப்போம்' என்று அந்தக் கணினியில் சொருகவே வேண்டாம். மிரட்டல் குறிப்பையும் பூட்டப்பட்ட இரண்டு ஃபைல்களையும் எடுத்து வையுங்கள். 2016-இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் அவற்றைப் பதிவேற்றினால், அந்த வகைக்கு இலவசச் சாவி இருக்கிறதா என்று தெரியும்.

ரெஸ்டோர் செய்யும் முன் நுழைந்த வழியைக் கண்டுபிடியுங்கள். விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரின் செக்யூரிட்டி பகுதியில் 4625 (தோல்வியடைந்த லாகின்) வரிசையாக நிறைய இருந்து, அதன் பின்னே 4624 (வெற்றியான லாகின்) வந்திருந்தால், கடவுச்சொல்லை ஊகித்தே நுழைந்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். 1102 தெரிந்தால் லாகை யாரோ அழித்திருக்கிறார்கள். அப்போது ரவுட்டர் லாகைப் பாருங்கள்.