ஸ்டாப் ரான்சம்வேர் தாக்கிய கணினியிலிருந்து மீட்க முடிந்தவை

என் மைத்துனர் வீட்டில் அவருடைய மகன், காசு கொடுத்து வாங்க வேண்டிய ஒரு வீடியோ எடிட்டிங் மென்பொருளின் கிராக் பதிப்பை இறக்கி நிறுவியதும், விண்டோஸ் அப்டேட் நடப்பதைப் போன்ற ஒரு போலித் திரை தோன்றியிருக்கிறது. அது ஓடி முடிவதற்குள் படங்களும் ஆவணங்களும் பூட்டப்பட்டு, கோப்புப் பெயர்களின் கடைசியில் புதிதாக நான்கு எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருந்தன. 980 டாலர் கேட்டு, 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் 490 போதும் என்று தள்ளுபடியும் அறிவிக்கும் குறிப்பு ஒன்று ஃபோல்டர்தோறும் கிடந்தது. கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறக்கும் சாவிக்குப் பணம் கேட்கும் தீய நிரல்தான் ரான்சம்வேர். அவற்றில் வீட்டுக் கணினிகளையே பெரிதும் குறிவைக்கும் ஸ்டாப் ரான்சம்வேரின் அடையாளங்கள் இவை.

சர்வீஸ் கடையில் உடனே ஃபார்மட் செய்யச் சொன்னார்கள், நான் சம்மதிக்கவில்லை. பூட்டப்பட்ட கோப்புகளையும் அந்தக் குறிப்பையும் வேறு ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுக்காமல் அழித்துவிட்டால், பின்னாளில் சாவி கிடைத்தாலும் திறப்பதற்கு எதுவும் இருக்காது.

குறிப்பில் உள்ள அடையாள எண் 't1' என முடிந்தால், நிரல் தன் சர்வரை எட்ட முடியாமல், தனக்குள் இருந்த, பலருக்கும் பொதுவான ஒரே சாவியால் பூட்டியிருக்கிறது என்று பொருள். அத்தகைய சாவி கைக்கு வந்த வகைகளை, எம்சிசாஃப்ட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் 2019 அக்டோபரில் வெளியிட்ட இலவச டிக்ரிப்டர் (பூட்டு நீக்கும் மென்பொருள்) திறந்துவிடும். எங்களுடைய எண் அப்படி முடியவில்லை. பணம் அனுப்புவதை நான் ஏற்கவில்லை. சாவி தருவார்கள் என்பதற்கு அவர்களுடைய வார்த்தையைத் தவிர என்ன உத்தரவாதம் இருக்கிறது?

ஆனால், இந்த நிரல் வேகத்துக்காகக் கோப்பின் முதல் 150 கேபி அளவை மட்டுமே பூட்டுகிறது. ஆகவே, அதே ஃபோனில் எடுத்த பழுதில்லாத ஒரு வீடியோவை மாதிரியாகக் கொடுத்து, பழுதுநீக்கும் மென்பொருள் மூலம் நீளமான வீடியோக்கள் பலவற்றை மீட்டோம். பெரிய ஸிப் கோப்புகளிலிருந்தும் பின்பகுதியில் இருந்தவை வெளிவந்தன. சிறிய வேர்டு கோப்புகள் முழுதாகப் பூட்டப்பட்டுவிட்டதால் அவற்றில் எதுவும் தேறவில்லை.

கடவுச்சொற்களைத் திருடும் நிரலும் இதனுடன் சேர்ந்தே வருவதுண்டு என்பதால், மின்னஞ்சல், வங்கிக் கணக்குகளின் கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றினோம். இப்போது பையனுக்கு அட்மின் உரிமை இல்லாத கணக்குதான். பேக்கப் டிஸ்க், நகலெடுக்கும்போது மட்டும் செருகப்படுகிறது. விண்டோஸ் செக்யூரிட்டியில் ரான்சம்வேர் பாதுகாப்புப் பகுதியில் உள்ள ஃபோல்டர் கட்டுப்பாட்டையும் இயக்கி வைத்தேன். அது சில நல்ல மென்பொருள்களையும் தடுப்பதால், அவற்றுக்குத் தனித்தனியே அனுமதி கொடுக்க வேண்டியிருக்கிறது.