ஓனர் தண்ணீரை நிறுத்திவிட்டார், ஒப்பந்தம் பதிவாகவில்லை: வாடகைச் சட்டத்தின் 20-ஆவது பிரிவில் மனு போட்டவர்கள் உண்டா?

தென் சென்னை, முதல் மாடி வீடு. வாடகை 12,000, அட்வான்ஸ் 36,000. ஜூனில் ஓனர் 16,000 கேட்டார். ஒப்பந்தம் ஜனவரி வரை இருப்பதால் மறுத்தோம். அடுத்த வாரமே மோட்டார் ஸ்விட்ச் பெட்டிக்குப் பூட்டு. காலையில் அரை மணி நேரம்தான் மோட்டார் ஓடுகிறது. பத்து மணிக்கு மேல் குழாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. கைக்குழந்தை இருக்கும் வீடு இது.

வங்கிக் கணக்கில் வாடகை போட்டால் அன்றே திருப்பி அனுப்பிவிடுகிறார். பின்னால் பாக்கி என்று சொல்லிக் காலி செய்ய வைக்கத்தான் இது. அதனால் போட்டதற்கும் திரும்பியதற்கும் ஸ்டேட்மென்ட் எடுத்து வைத்திருக்கிறோம். பூட்டைத் தேதியோடு படம் எடுத்தாயிற்று. ஸ்பீட் போஸ்டில் அனுப்பிய நோட்டீஸுக்குப் பதில் இல்லை. போலீஸில் சிவில் விவகாரம் என்று சொல்லிவிட்டார்கள்.

தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம், 20-ஆவது பிரிவில், தண்ணீர், மின்சாரத்தை ஓனர் நிறுத்தக் கூடாது என்கிறது. இந்தச் சட்டப்படி மனுவை விசாரிக்கும் வாடகை அதிகாரி, விசாரணை முடியும் முன்பே, நிறுத்தியதைத் திரும்பக் கொடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு போடலாம். ஆனால் எங்கள் ஒப்பந்தம் வெறும் முத்திரைத்தாளில் எழுதியது. வாடகை அதிகாரியிடம் ஒப்பந்தத்தைப் பதிந்த எண் இல்லாமல் அவர் அலுவலகத்தில் மனுவை வாங்க மறுக்கிறார்கள்.

பதிவாகாத ஒப்பந்தத்தோடு இந்த உத்தரவை வாங்கியவர்கள், மனுவோடு எந்தெந்த ஆவணங்களை இணைத்தீர்கள்?